வெக்ஸ்ஃபோர்டில் கைவிட்டுப் போன வீடு: ஓர் ஊர் இசைக்குழுவின் செயலாளராக இருந்தபோது அறிந்தவை

பிள்ளை ஐரிஷ் மரபிசை கற்கத் தொடங்கினால், சில ஆண்டுகளுக்குள் பெற்றோரில் ஒருவர் ஏதாவதொரு குழுவுக்குச் செயலாளராகிவிடுவார் என்பதை அயர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லவில்லை. என் மகள் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் போல டின் விசில் வாசிக்கத் தொடங்கினாள். பிறகு கான்செர்டினா என்னும் சிறு துருத்தி இசைக்கருவிக்கு மாறினாள். பிறகு எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த 12 முதல் 15 வயதுப் பிரிவுக் கெய்லி இசைக்குழுவில் இடம் கிடைத்தது. வகுப்பு முடியும்வரை காரில் காத்திருந்த என்னை ஒருநாள் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் பொதுக்கூட்டத்தில் குழுவின் செயலாளராகவும் செய்தி எழுதுபவராகவும் என் பெயரை முன்மொழிந்தார்கள். நான் கிளேர் மாவட்டத்தின் என்னிஸ் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் கணவர் வார நாட்களில் டப்ளினில் இருப்பவர். 2025 கோடையில் அந்தப் பொறுப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, இதே பாதையில் வரப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

கிளேர் மாவட்டத்தில் கெய்லி இசைக்குழு என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா, பொத்தான் அக்கார்டியன், பாஞ்சோ, பியானோ, டிரம் எனப் பத்துப் பேர் வரை சேர்ந்து, நடனத்துக்காகவே ஒரே மெட்டை ஒரே மூச்சில் வாசிக்கும் அமைப்பு அது. 1909-இல் தொடங்கிய கில்ஃபெனோரா குழுவும் 1946-இல் தொடங்கிய டல்லா குழுவும் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1954, 1955, 1956 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கில்ஃபெனோரா அகில அயர்லாந்துப் பட்டம் வென்றதையும், அதில் மூன்றாவது வெற்றி என்னிஸிலேயே கிடைத்ததையும், நேற்று நடந்ததைப் போல இங்கே வாதிடுகிறார்கள். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கின் கோப்பையை 2024-இல் வென்ற மாவட்டம் இது. ஹர்லிங்குக்கு அடுத்தபடியாக மக்கள் ஆர்வமாகக் கேட்கும் செய்தி இசைப் போட்டியின் முடிவுதான். ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் குழுவானாலும் அதன் செய்தி ஊர்ச் செய்திதான். பங்குச் செய்தி மடலிலும், 'கிளேர் சாம்பியன்' வார இதழின் ஊர்க் குறிப்புகளிலும் அதற்கு இடம் உண்டு. கடைக்காரர் முதல் பங்குத் தந்தை வரை அதைப் படித்துவிட்டுத்தான் நம்மிடம் பேசுவார்கள்.

எங்களுக்கு நேர்ந்த சிக்கலின் வேர் போட்டியின் கால அட்டவணையிலேயே இருந்தது. ஐரிஷ் மரபிசையை வளர்க்க 1951-இல் மல்லிங்கரில் தொடங்கப்பட்ட கோல்தஸ் அமைப்புதான் அதே ஆண்டிலிருந்து ஃப்ளா என்னும் இசைவிழாவையும் நடத்தி வருகிறது. முதலில் மாவட்ட ஃப்ளா. அதில் முதல் இரண்டு இடம் பெறுவோர் மாகாண ஃப்ளாவுக்குப் போகலாம். எங்களுக்கு அது மன்ஸ்டர் மாகாணம். அங்கும் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் ஆகஸ்டில் நடக்கும் அகில அயர்லாந்து ஃப்ளா. 2025-இல் அது ஆகஸ்ட் 3 முதல் 10 வரை வெக்ஸ்ஃபோர்டு நகரில் நடந்தது. மாகாண ஃப்ளா ஜூலையில்தான் முடிகிறது. அதாவது நாம் தகுதி பெற்றோமா என்பது தெரிந்த சில வாரங்களில் அகில அயர்லாந்துப் போட்டி வந்துவிடும். வெக்ஸ்ஃபோர்டு சுமார் 20,000 பேர் வாழும் நகரம். விழா வாரத்தில் அங்கே பல லட்சம் பேர் வந்து போகிறார்கள். முந்தைய ஆண்டு விழா முடியும் முன்பே அடுத்த ஆண்டுக்கான அறைகள் பேசப்பட்டுவிடுகின்றன. எனவே போட்டிக்குத் தகுதி பெறுவோமா என்பதே தெரியாத நிலையில், பத்து மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி இடம் பிடித்தாக வேண்டும். இந்த ஒரு செய்தியை மட்டும் எனக்கு யாராவது முதலிலேயே விளக்கியிருந்தால் பாதிக் கவலை குறைந்திருக்கும்.

2024 அக்டோபரில் வெக்ஸ்ஃபோர்டு நகருக்கு வெளியே ஒரு பெரிய விடுமுறை வீட்டைக் கண்டுபிடித்தோம். போட்டி வாரத்தின் புதன் முதல் ஞாயிறு வரை வாடகை 2,800 யூரோ. பாதியை உடனே கட்ட வேண்டும், மீதியை ஜூனில் கட்ட வேண்டும் என்றது வீட்டை வாடகைக்கு விடும் நிறுவனம். அட்டை வழியாகப் பணம் பெற மாட்டோம், வங்கிப் பரிமாற்றம் மட்டுமே என்றும் சொன்னார்கள். அந்த நேரத்தில் எங்கள் குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். புதியவர் பெயரைச் சேர்க்கும் படிவங்கள் வங்கியில் மாதக்கணக்கில் நகரவில்லை. வேறு இடமும் இல்லை. குழுவின் கூட்டத்தில் முடிவெடுத்து, 'செயலாளர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டுவார், நிதி திரட்டியதும் திருப்பித் தரப்படும்' என்று கூட்டக் குறிப்பில் எழுதி, மூவர் கையெழுத்திட்ட பிறகு 1,400 யூரோவை அனுப்பினேன். அந்தக் கூட்டக் குறிப்புதான் பின்னாளில் எனக்குக் கவசமாக இருந்தது. ஊர்க் குழுவில் எல்லாரும் நண்பர்கள்தாம், எழுத்து எதற்கு என்று தோன்றும். நண்பர்களாக இருப்பதால்தான் எழுதி வைக்க வேண்டும். பணம் கைமாறும் ஒவ்வொரு முடிவும் தேதியோடும் கையெழுத்தோடும் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, நாம் ரத்துசெய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கண் முதலில் தேடும். அவர்கள் ரத்துசெய்தால் என்ன தருவார்கள் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை. கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், 'அப்படி நடந்ததே இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை நான் அழிக்காமல் வைத்திருந்தேன்.

பிறகு நிதி திரட்டும் மாதங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருவோரிடம் கோயில் வாசலில் வாளி ஏந்தி நிற்பதற்குக் கார்டா எனப்படும் அயர்லாந்துக் காவல்துறையின் தலைமைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும், அதே ஞாயிற்றுக்கிழமையை வேறு சங்கம் முன்பே பிடித்திருக்கலாம் என்பதும் எனக்குப் புதிய செய்திகள். பல்பொருள் அங்காடியில் வாடிக்கையாளர்களின் பொருள்களைப் பையில் அடுக்கித் தந்து பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். மதுக்கூடத்தில் ஒரு வினாடி வினா இரவு நடத்தினோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பங்கு மண்டபத்தில் ஒரு கெய்லி நடன இரவு. 1935-ஆம் ஆண்டு நடனக்கூடச் சட்டம் உரிமம் இல்லாத பொது நடனங்களைத் தடைசெய்ததால் சாலைச் சந்திகளிலும் வீடுகளிலும் ஆடியவர்கள் மண்டபங்களுக்கு வந்தார்கள்; அவ்வளவு பெரிய கூடத்தில் ஒலி கேட்க வேண்டும் என்பதால் குழுக்களும் பெரிதாயின. அந்தப் பழைய கதையைச் சொன்னபடியே முதியவர்கள் கிளேர் லான்சர்ஸ் ஆட்டத்துக்கு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளின் டிரம்மர் மரக்கட்டையைத் தட்டித் தாளம் எடுத்துக்கொடுக்க, என் மகள் கான்செர்டினாவின் துருத்தியை இழுத்து முதல் சுரத்தைப் பிடித்ததும் தரைப் பலகைகள் அதிர்ந்தன. சாண்ட்விச்சும் பழ ரொட்டியும் தேநீரும் பெண்கள் பகுதியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. குலுக்கலில் முதல் பரிசு ஒரு டிரெய்லர் விறகு. இரவு எங்கள் சமையலறை மேசையில் நாணயங்களைப் பிரித்து அடுக்கியபோது, ஒரு வாளியின் அடியில் எட்டாக மடித்த ஐம்பது யூரோ நோட்டு ஒன்று இருந்தது. யார் போட்டது என்று தெரியாது. எல்லாம் சேர்ந்து 3,200 யூரோவுக்குச் சற்று மேல் வந்தது. ஊராரின் பணம் இது என்ற உணர்வு அன்றைக்குத்தான் எனக்குள் கனமாக இறங்கியது.

இடையில் கார்டா சரிபார்ப்பு. 2012 முதல் 2016 வரையிலான சட்டங்களின்படி, பிள்ளைகளோடு முறையாகப் பணிசெய்யும் எவரும், தன்னார்வலரே ஆனாலும், காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த பிறகே அந்தப் பணியைத் தொடங்க முடியும். நான் மருத்துவமனை வேலைக்காக ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவள்தானே என்று கேட்டேன். அது அந்த நிறுவனத்துக்கு மட்டும் செல்லும். குழு தன் தாய் அமைப்பு வழியாகத் தனியே செய்ய வேண்டும் என்றார்கள். படிவத்தில் பிறந்ததிலிருந்து இன்றுவரை வாழ்ந்த எல்லா முகவரிகளையும் கேட்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் இரண்டு முகவரிகளை எழுதி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நானோ தூத்துக்குடியில் பிறந்த வீடு, அப்பாவின் பணி மாற்றத்தால் மாறிய வாடகை வீடுகள், மதுரை நர்சிங் கல்லூரி விடுதி, சென்னையில் மூன்று பேர் பகிர்ந்த அறை, ரியாத்தில் மருத்துவமனைக் குடியிருப்பு என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசிப் பேசி நிரப்பினேன். புலம்பெயர்ந்தவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை ஆண்டு வரிசையில் தயாரித்துக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது. குடியுரிமை விண்ணப்பம், வேலை மாற்றம் எனத் திரும்பத் திரும்ப அது தேவைப்படுகிறது. சரிபார்ப்பு முடிய வாரங்கள் ஆகும் என்பதால், பயணத்துக்குத் துணைவரக்கூடும் என்று தோன்றும் எல்லாப் பெரியவர்களையும், அவர்கள் கடைசியில் வராவிட்டாலும் பரவாயில்லை என்று, வசந்த காலத்திலேயே விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

ஜூனில் மீதி 1,400 யூரோவையும் கட்டினேன். ஜூலையில் மன்ஸ்டர் ஃப்ளாவில் பிள்ளைகள் இரண்டாம் இடம் பெற்றார்கள். அன்று மாலையே செய்திக் குறிப்பு எழுதினேன். இப்படிப்பட்ட குறிப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு. முடிவை முதல் வரியில் சொல்ல வேண்டும். பிறகு கற்பித்த ஆசிரியர்கள், பிறகு ஓட்டுநர்கள், சாண்ட்விச் செய்தவர்கள், மண்டபம் கொடுத்தவர்கள், முதலிடம் பெற்ற குழுவுக்கு வாழ்த்து. ஒரு பெயர் விடுபட்டால் அடுத்த வாரம் கடையில் அவர் நம்மைப் பார்க்காதது போல நடந்துபோவார். பிள்ளைகளின் படத்தோடு முழுப்பெயர் போடுவதற்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இருக்க வேண்டும். அதைப் பருவத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் வாங்கி வைத்துவிட்டால், வெற்றி கிடைத்த இரவில் பத்து வீடுகளுக்குத் தொலைபேசியில் பேச வேண்டியிராது.

அந்தக் குறிப்பு அச்சில் வந்த வாரத்திலேயே நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'குழாய்ப் பழுது காரணமாக வீடு ஆகஸ்டில் கிடைக்காது. வருந்துகிறோம்' என்று இரண்டு வரிகள். இரவுப் பணியின் இடைவேளையில், ஓய்வறையில் நின்றபடி அதைப் படித்தேன். ஆத்திரத்தைவிட முதலில் வந்தது அவமானம். ஊர்க்காரர் யாராவது இந்தப் பொறுப்பில் இருந்திருந்தால் அவரிடம் இப்படிச் செய்திருப்பார்களா என்று மனம் ஓடியது. அதிகாலையில் வேறொரு தளத்தில் தேடியபோது அதே வீடு, அதே படங்கள், அதே நாட்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வாடகையில் இருந்தது. திரையைத் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்துக்கொண்டேன். மதியம் மறுபடி பார்த்தபோது அது அங்கே இல்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் தொலைபேசியை எடுத்துச் சண்டை போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்: கண்ணில் படும் சான்றை அப்போதே பதிவு செய்துவிடுங்கள். பிறகு பேசுவதையும் மின்னஞ்சலிலேயே பேசுங்கள்.

எங்கள் தலைவர் அப்போது இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். பொருளாளர் வெளிநாட்டில் விடுமுறையில் இருந்தார். என் கணவரிடம் தொலைபேசியில் அழுதேன்; 'பணத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் பிள்ளைகள் தங்க இடம் பார்' என்றார். அது சரியான யோசனைதான், ஆனால் விழாவுக்கு மூன்று வாரமே இருந்தபோது வெக்ஸ்ஃபோர்டைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் பத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்கு ஒரு கூரை கிடையாது. நான் விசாரித்த இடங்களில் சிலர் சிரித்தார்கள். ஒரு பெண்மணி மட்டும், 'ஃப்ளாவுக்கா? அம்மா, என் சொந்தத் தங்கைக்கே நான் இடம் தர முடியவில்லை' என்று பரிவோடு சொன்னார்.

அன்று மாலையே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன்: என்ன நடந்தது, எவ்வளவு கட்டியிருக்கிறோம், என்ன சான்று இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் உடனே ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் மட்டும், 'ஊர் நிலவரம் தெரிந்தவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம்' என்று எழுதினார். பத்து ஆண்டுகள் இந்த ஊரில் நோயாளிகளின் கையைப் பிடித்திருக்கிறேன். அந்த ஒரு வரி என்னைச் சட்டென்று வெளியூர்க்காரியாக்கியது. பதில் எழுதவில்லை. கூட்டக் குறிப்பின் படத்தை மட்டும் குழுவில் இட்டேன்; மூன்று கையெழுத்துகளில் ஒன்று அவர் மனைவியுடையது. அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. இன்றும் நான் அவர்களோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்கிறேன். ஆறிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும்.

அடுத்து பங்குச் செய்தி மடல். வாளியில் காசு போட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். நிறுவனத்தின் பெயரைப் போட்டு ஏமாற்றுக்காரர்கள் என்று எழுத வேண்டும் என்று சிலர் கொதித்தார்கள். அயர்லாந்தின் அவதூறுச் சட்டம் கடுமையானது. ஊர் மடலானாலும் அச்சிட்டது அச்சிட்டதுதான், எழுதியவரும் வெளியிட்டவரும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆகவே நடந்ததை மட்டும், அடைமொழி இல்லாமல் எழுதினேன்: பிள்ளைகள் தகுதி பெற்றிருக்கிறார்கள், முன்பதிவு செய்த தங்குமிடம் வழங்குவோரால் ரத்துசெய்யப்பட்டது, இதுவரை கட்டிய தொகை 2,800 யூரோ, அதை மீட்க முயல்கிறோம், வெக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருபது பேர் தங்க இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தேவை என்ன என்பதை எண்ணிக்கையோடும் தொலைவோடும் எழுதியதால்தான் உதவி வந்தது என்று நினைக்கிறேன். 'உதவுங்கள்' என்று மட்டும் கேட்டால் எல்லாரும் மனதார வருந்துவார்கள்; என்ன வேண்டும் என்று சொன்னால் யாராவது ஒருவர் தொலைபேசியை எடுப்பார். ஞாயிறு திருப்பலி முடிந்து மடல் கைக்குப் போன மதியமே அழைப்புகள் வரத் தொடங்கின. கூடாரங்கள் இருக்கின்றன என்றார் சாரணர் தலைவர் ஒருவர். கில்கென்னியில் தன் அக்கா வீட்டில் நான்கு பேர் தங்கலாம் என்றார் தபால்காரர். ஒரு ஃபிடில் ஆசிரியர், வாட்டர்ஃபோர்டில் கோடையில் காலியாகக் கிடக்கும் மாணவர் குடியிருப்பில் பணிபுரியும் தன் பழைய மாணவியின் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்தான் எங்களைக் காப்பாற்றியது.

மாணவர் குடியிருப்பு 3,450 யூரோ. முதலில் பேசிய வீட்டைவிட 650 அதிகம். இம்முறை அட்டையில் கட்டினேன். அட்டை வழியாகக் கட்டினால், சேவை கிடைக்காதபோது பணத்தைத் திரும்பப் பெற அட்டை தரும் வங்கியிடமே கோரிக்கை வைக்கலாம்; வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்த வசதி இல்லை. வாட்டர்ஃபோர்டிலிருந்து வெக்ஸ்ஃபோர்டுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். தினமும் போய்வரச் சிற்றுந்து எடுத்ததில் 420 யூரோ கூடுதலாயிற்று. நியூ ராஸ் அருகே பாரோ ஆற்றின் மேல் 2020-இல் திறந்த பாலத்தில், ஏறத்தாழ 900 மீட்டர் நீளமுள்ள அயர்லாந்தின் மிக நீண்ட பாலம் அது, பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஆரவாரம் செய்தார்கள்; அவர்களுக்கு அது உல்லாசப் பயணம். எனக்கு அறை ஒதுக்கீட்டுப் பட்டியல்தான் கண்ணில் நின்றது. இடம் மாறியதால் துணைவரும் பெரியவர்களும் மாறினார்கள். சரிபார்ப்பு முடியாத ஒருவரை இரவுப் பொறுப்பில் வைக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளையோடும் அவரவர் பெற்றோரில் ஒருவரே தங்குவது என்று முடிவுசெய்ததில் அந்தச் சிக்கல் தீர்ந்தது, அறை எண்ணிக்கை கூடியது.

போட்டியைப் பற்றி அதிகம் எழுத இல்லை. பிள்ளைகள் நன்றாகவே வாசித்தார்கள்; இடம் எதுவும் கிடைக்கவில்லை. முடிவு அறிவித்த அரை மணி நேரத்தில் அவர்கள் வெக்ஸ்ஃபோர்டின் குறுகிய பிரதான வீதியில் ஒரு கடை வாசலில் கருவிகளைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். டோனிகாலிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் ஃபிடிலோடு சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் நாங்கள்தாம் தோல்வியை மென்றுகொண்டிருந்தோம்.

ஊர் திரும்பியதும் பண மீட்பு. நிறுவனம் ஜூனில் கட்டிய 1,400 யூரோவைத் திருப்பியது. அக்டோபரில் கட்டிய முன்பணம் 'திரும்பத் தரப்படாதது' என்றது. நாம் ரத்துசெய்தால்தான் அந்த விதி, அவர்களே ரத்துசெய்தால் இல்லை என்று வாதிட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அயர்லாந்தில் மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்த சிறு கோரிக்கை முறை ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல், 25 யூரோ கட்டணத்தில், 2,000 யூரோ வரையிலான கோரிக்கையை நுகர்வோர் ஒருவர் நேரடியாகப் பதிவு செய்யலாம். பணம் என் சொந்தக் கணக்கிலிருந்து போயிருந்ததால் கோரிக்கையும் என் பெயரிலேயே எளிதாக எழுந்தது. அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து எதிர்த்தரப்பு 15 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மின்னஞ்சல்கள், அந்த ஒரு வரிப் பதில், இரட்டை வாடகை காட்டிய திரைப்பிடிப்பு மூன்றையும் இணைத்திருந்தேன். பதிவாளர் இரு தரப்பிலும் பேசிய பிறகு 1,000 யூரோ தருவதாக அவர்கள் இறங்கி வந்தார்கள். முழுத் தொகைக்காக விசாரணை வரை போகலாமா என்று குழுவில் கேட்டேன். இரவுப் பணிக்கும் படிவங்களுக்கும் நடுவில் நான் மெலிந்துபோயிருந்ததைப் பார்த்து, போதும் என்றார்கள். எனக்கும் போதும் என்றே இருந்தது. மொத்தக் கணக்கில் முன்பணத்தில் 400, தங்குமிடத்தில் 650, சிற்றுந்தில் 420, கட்டணம் 25 என 1,495 யூரோ கூடுதலாகச் செலவாயிற்று.

அந்தக் கணக்கை வரவு செலவு இரண்டோடும் பங்கு மடலில் அரைப் பக்கத்தில் வெளியிட்டேன். இதை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று குழுவிலேயே தயக்கம் இருந்தது. ஆனால் அது வெளியான பிறகுதான், பற்றாக்குறையை ஈடுகட்ட இலையுதிர் காலத்தில் இன்னொரு கெய்லி நடத்தலாம், மண்டப வாடகை வேண்டாம் என்று மண்டபக் குழுவே முன்வந்தது. அதற்கு முன்பாகவே வங்கிப் படிவங்களை நேரில் போய் முடித்தோம். இப்போது குழுக் கணக்கில் கையெழுத்திட மூவர் இருக்கிறார்கள், எந்த இருவர் கையெழுத்தும் போதும், கணக்குக்கு ஓர் அட்டையும் உண்டு. கையெழுத்திடுபவர் ஒருவர் விலகப்போகிறார் என்று தெரிந்தால், அவர் விலகும் கூட்டத்திலேயே புதியவரின் அடையாள ஆவணங்களை வாங்கிவிட வேண்டும் என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

2026 அகில அயர்லாந்து ஃப்ளா ஆகஸ்ட் 2 முதல் 9 வரை பெல்ஃபாஸ்டில் நடக்கிறது. அங்கே தங்குமிடம் வெக்ஸ்ஃபோர்டைவிட எளிது. பெரிய நகரம், விடுதிகள் ஏராளம். நம்மவர்களுக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் வட அயர்லாந்து ஐக்கிய ராச்சியத்தின் பகுதி; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அயர்லாந்தில் முறையான குடியிருப்பு அட்டை வைத்திருந்தாலும் பிரிட்டிஷ் விசா இல்லாமல் அங்கே போகக் கூடாது. குறுகிய காலச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரு நாடுகளும் சேர்ந்து வைத்துள்ள விசா ஏற்பாடு இங்கே வசிப்பவர்களுக்குப் பொருந்தாது. எங்கள் குழுவிலுள்ள போலந்துக் குடும்பத்துக்குப் பிரிட்டனின் புதிய மின்னணுப் பயண அனுமதிகூடத் தேவையில்லை, ஏனென்றால் அவர்கள் விசா தேவைப்படாத நாட்டவர், அயர்லாந்தில் வசிப்பவர்கள். வசிப்பதற்கான சான்றைக் கையில் வைத்திருந்தால் போதும். என் மகள் ஐரிஷ் குடிமகளாகிவிட்டாள். நான் இன்னும் ஆகவில்லை. பிரிட்டிஷ் விசாவுக்கு விண்ணப்பித்து, டப்ளினுக்குப் போய்க் கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரங்கள் என்கிறார்கள், கோடையில் கூடலாம். மன்ஸ்டர் ஃப்ளா முடிவுக்குக் காத்திருந்தால் நேரம் போதாது என்பதால், அதற்கு முன்பே விண்ணப்பிக்கப் போகிறேன். விடுதி அறைகள் குழுக் கணக்கின் அட்டையில், வருவதற்கு இரண்டு நாள் முன்புவரை இலவசமாக ரத்துசெய்யும் வசதியோடு பதிவாகிவிட்டன. பவுண்டில் வாடகை என்பதால் மாற்று விகிதத்துக்கென்று கணக்கில் சற்றுக் கூடுதலாக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். பொருளாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.